அணுவைத் தூதுவிட்ட அறிஞர் ஜோர்ஜ் ஹெவெசி

அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூதுவிட்ட புலவர்களை நாம் இலக்கியத்திற் கண்டிருக்கின்றோம். மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதாக அனுப்பிய நூலும் நம் மொழியில் உண்டு. தான் செல்லவியலாத இடத்துக்குத் தன் பொருட்டுப் பிறிதொன்றை அனுப்பி, ஆங்குள்ள நிலையை அறிந்துவரச் செய்தலே தூதின் பயனாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞரொருவர் கண்ணுக்குப் புலனாகாத அணுவையே தூதாக்கி, செடியினுள்ளும் விலங்கினுள்ளும் மனித உடலினுள்ளும் விடுத்து, ஆங்கு மறைவாக நிகழ்வனவற்றை உலகறியச் செய்தார். ஹங்கேரி நாட்டிற் பிறந்த ஜோர்ஜ் ஹெவெசியே அவ்வறிஞர்.

இன்று பெரிய வைத்தியசாலைகளில், ஒருவரின் என்பில் எழுந்த கட்டி தீயதோ தீங்கற்றதோ எனத் துணியமாட்டாது வைத்தியர் ஐயுறும் வேளையில், இருவகைப் படங்களை ஒன்றன்மேலொன்றாய்ப் பொருத்திப் பார்க்கும் கருவியொன்று அவர்க்குத் துணைசெய்கின்றது. அக்கருவியின் இரு கால்களுள் ஒன்று றொஞ்சன் 1895ஆம் ஆண்டிற் கண்ட ஊடுகதிர். மற்றது ஹெவெசி வகுத்த சுவட்டணு முறை. றொஞ்சனின் வரலாற்றை நம் மாணவர் பாடநூல்களிற் பலகாற் படித்துள்ளனர். ஆதலின் ஹெவெசியின் வாழ்வையும் பணியையும், அப்பணி இன்று என்பு நோயாளர்க்கு எங்ஙனம் பயன்படுகின்றது என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

இளமையும் கல்வியும்

ஹெவெசி 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆம் திகதி புடாபெஸ்ற் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் ஹங்கேரி, ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதியாயிருந்தது. பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் எண்மருள் இவர் ஐந்தாமவர். குடும்பம் செல்வமும் பிரபுப்பட்டமும் வாய்ந்தது. யூத வழியில் வந்து கத்தோலிக்க சமயத்தைத் தழுவியது. இவ்வழிமரபு பிற்காலத்தில் அவர் வாழ்வில் எத்துணைப் பெரிய இடரை விளைத்ததென்பதை மேலே காண்போம்.

பியாரிஸ்ற் துறவியர் நடத்திய பாடசாலையிற் பயின்று 1903ஆம் ஆண்டில் ஹெவெசி தம் பள்ளிக்கல்வியை நிறைவு செய்தார். சமயத்தை அடிப்படையாகக் கொண்டு கல்வி புகட்டிய நிலையமொன்றின் பழைய மாணவர் அவர் என்பது நம் போன்றோர்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும். பின்னர்ப் புடாபெஸ்ற்றிலும் பேர்லினிலும் கற்று, ஜேர்மனியிலுள்ள வ்ரைபூர்க் பல்கலைக்கழகத்தில் 1908ஆம் ஆண்டிற் கலாநிதிப்பட்டம் பெற்றார். அதன்மேற் சூரிச் நகரில் ஈராண்டளவும், கார்ல்ஸ்றூவில் வ்றிட்ஸ் ஹேபர் என்னும் பேரறிஞரிடத்துச் சிறிது காலமும் ஆராய்ச்சி செய்தார். ஓரிடத்தில் ஊன்றி நிற்றலினும், எவ்விடத்தில் எவ்வித்தை சிறந்து விளங்குகின்றதோ அவ்விடம் நாடிச் செல்லலே அவரியல்பு. அவ்வியல்பே 1911ஆம் ஆண்டில் அவரை இங்கிலாந்திலுள்ள மன்செஸ்ரர் நகருக்கு இட்டுச்சென்றது. ஆங்கு அக்காலத்தில் எர்னெஸ்ற் இறதர்போர்ட் அணுவின் கருவைக் கண்டறிந்து உலகை வியப்பிலாழ்த்திக் கொண்டிருந்தார்.

தோல்வியிற் பிறந்த துணிபு

இறதர்போர்ட் தம்மிடம் வந்த ஹங்கேரிய இளைஞரின் திறமையைச் சோதிக்கக் கருதினார்போலும். போஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்து யுரேனியத் தாதிலிருந்து பெற்ற ஈயம் பெருந்தொகையாக ஒஸ்திரிய அரசினரால் அவருக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டிருந்தது. அவ்வீயத்தினுள் இரேடியம்-டி எனப்பட்ட கதிர்த்தொழிற்பாடுடைய பொருளொன்று கலந்திருந்தது. அதனைத் தனியே பிரித்தெடுத்தால் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவும். ஈயமோ கதிர்களை விழுங்கி இடையூறு செய்தது. ஈயத்தினின்றும் இரேடியம்-டியைப் பிரிக்கும் வேலை ஹெவெசியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஈராண்டு அவர் முயன்றார். இரசாயனவியல் அறிந்த முறைகள் பலவற்றையும் கையாண்டார். படிகமாக்கிப் பார்த்தார், வீழ்படிவாக்கிப் பார்த்தார். ஈயம் சென்ற இடமெல்லாம் இரேடியம்-டியும் சென்றது. ஈயம் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. முயற்சி முற்றாகத் தோற்றது. இளம் ஆராய்ச்சியாளரொருவர்க்கு ஈராண்டு உழைப்பு வீணாவது சிறிய துன்பமன்று. தம் தகுதியிலேயே ஐயம் தோன்றத்தக்க நிலை அது.

உண்மையில் அவர் செய்யப் புகுந்தது அக்காலத்து இரசாயன முறைகளால் இயலாததொன்று. இரேடியம்-டி ஈயத்தின் வேறன்று. ஈயத்தின் ஒரு வகையே. ஒரே மூலகத்தின் அணுக்கள் இரசாயனக் குணத்தில் ஒத்தும் நிறையில் வேறுபட்டும் இருத்தல் கூடும் என்பதை உணர்ந்து, அத்தகையனவற்றுக்குச் சமதானிகள் என்னும் பொருள்படும் பெயரைச் சொடி என்பார் 1913ஆம் ஆண்டில் வழங்கினார். அதற்கு முன்னரே ஹெவெசியின் உள்ளத்தில் வேறொரு சிந்தனை எழுந்தது. ஈயத்தைவிட்டு எவ்வாற்றானும் பிரியாத பொருள் ஒன்று உளதாயின், அதனை ஈயத்தின் அடையாளமாகவே கொள்ளலாமன்றோ என அவர் எண்ணினார். மந்தையில் ஒரு பசுவுக்குக் குறிசுட்டு விட்டால், அம்மந்தை எப்புலத்தில் மேய்ந்து எவ்வழியால் மீள்கின்றதென அக்குறியைக் கொண்டே அறியலாம். அதுபோலச் சாதாரண ஈயத்துடன் இரேடியம்-டியிற் சிறிதைக் கலந்துவிட்டால், அது வீசும் கதிரை மின்காட்டியால் அளந்து, ஈயம் சென்றவிடத்தையும் சென்ற அளவையும் துணியலாம். பிரிக்கமுடியாமை என்னும் குற்றமே பெருங்குணமாக மாறியது.

வியன்னாவிலுள்ள இரேடிய நிலையத்தில் பனெத் என்னும் அறிஞரும் இதே பிரிப்பு முயற்சியில் ஈடுபட்டுத் தோற்றிருந்தார். ஹெவெசி அவரை நாடிச் சென்றார். தோற்றவர் இருவரும் கூடி, 1913ஆம் ஆண்டில், நீரில் மிக அரிதாகவே கரையும் ஈய உப்புக்களின் கரைதிறனைச் சுவட்டணு முறையால் அளந்து வெளியிட்டனர். தராசினால் நிறுக்கமுடியாத அத்துணைச் சிறிய அளவுகள் அவை. சுவட்டணு முறையின் முதற் பயன் இதுவே.

மன்செஸ்ரர் வாழ்வு பற்றி நகைச்சுவைமிக்க கதையொன்றும் வழங்குகின்றது. ஹெவெசி தங்கியிருந்த விடுதியின் தலைவி, ஒருநாள் எஞ்சிய இறைச்சியை மறுநாட்களில் வேறு கறியாக மாற்றிப் படைக்கின்றார் என அவர் ஐயுற்றனர். அம்மையாரோ நாள்தோறும் புதிதாகவே சமைப்பதாகக் கூறிவந்தார். ஹெவெசி தம் கலத்தில் எஞ்சிய உணவிலே கதிர்த்தொழிற்பாடுடைய பொருளிற் சிறிதைத் தூவிவைத்தார். சில நாட் கழித்துப் பரிமாறப்பட்ட உணவின் அருகே மின்காட்டியைக் கொணர்ந்தபோது அது உண்மையை உரைத்துவிட்டது. இன்று உணவிற் கதிர்ப்பொருள் இடுதலை எவரும் ஒப்பார். எனினும், பொருளொன்று எங்கெங்குச் சென்று எவ்வுருவில் மீள்கின்றதென அறிதற்குச் சுவட்டணு போதும் என்பதை இதனினும் எளிதாக விளக்கல் அரிது.

கோப்பன்ஹேகனில்

மன்செஸ்ரரில் ஹெவெசி பெற்ற பெருஞ்செல்வம் நட்பாகும். 1912ஆம் ஆண்டில் ஆங்கு வந்த டென்மார்க்கு இளைஞர் நீல்ஸ் போர் அவருடைய வாழ்நாள் நண்பரானார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஹெவெசி ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையிற் பணிபுரிந்தார். போருக்குப் பின் ஹங்கேரியில் எழுந்த அரசியற் குழப்பங்களினால் ஆராய்ச்சி தடைப்படவே, போரின் அழைப்பை ஏற்று 1920ஆம் ஆண்டிற் கோப்பன்ஹேகன் நகரை அடைந்தார்.

ஆவர்த்தன அட்டவணையின் 72ஆம் இடம் அக்காலத்தில் ஐயத்துக்குரியதாயிருந்தது. அவ்விடத்துக்குரிய மூலகம் அருமண் இனத்தைச் சேர்ந்ததெனப் பிரான்சிய அறிஞர் கருதினர். போரின் அணுக்கொள்கையோ அது சிர்க்கோனியத்தை ஒத்திருக்கும் என்பதைச் சுட்டியது. ஹெவெசியும் ஒல்லாந்தரான டேர்க் கொஸ்ரரும் சிர்க்கோன் தாதுக்களை ஊடுகதிர் நிறமாலையால் ஆராய்ந்து, அம்மூலகம் அவற்றுள் மறைந்திருத்தலைக் கண்டனர். 1922ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போர் தம் நோபற் சொற்பொழிவிலேயே இச்செய்தியை உலகுக்கு அறிவித்தார். 1923ஆம் ஆண்டு சனவரியில் அது அச்சேறியது. கோப்பன்ஹேகனின் இலத்தீன் பெயரான ஹவ்னியா என்பதிலிருந்து ஹவ்னியம் என்னும் பெயர் அதற்கு அமைந்தது. சிர்க்கோன் உள்ள இடமெல்லாம் ஹவ்னியம் சிறிதளவிற் கலந்தே கிடக்கும். ஈழத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் சிர்க்கோன் உண்டென்பதை நம் மாணவர் அறிவர்.

அதே 1923ஆம் ஆண்டிற்றான் ஹெவெசி தம் தூதுவரை முதன்முதல் உயிருள்ள பொருளினுள் விடுத்தார். அவரைச் செடிகளின் வேரைக் கதிர்த்தொழிற்பாடுடைய ஈயம் கலந்த நீரில் வைத்து, பின்னர் வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தனித்தனியே எரித்து நீறாக்கி, ஒவ்வொன்றும் வீசும் கதிரை அளந்தார். ஈயத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகின்றது என்பது தெரியவந்தது. உயிரியலிற் சுவட்டணு பயன்பட்ட முதலாராய்ச்சி இதுவாகும். எனினும் ஈயம் நஞ்சு. உயிர்களின் இயல்பான உணவுமன்று. உயிருக்கு இன்றியமையாத மூலகங்களின் சுவட்டணுக்கள் கிடைக்கும் காலத்துக்காக அவர் காத்திருக்கவேண்டியதாயிற்று.

1924ஆம் ஆண்டில் பியா றீஸ் என்னும் டென்மார்க்கு நங்கையை அவர் மணந்தார். மகனொருவரும் மகளிர் மூவரும் அவர்க்குப் பிறந்தனர். 1926ஆம் ஆண்டில் தாம் பட்டம் பெற்ற வ்ரைபூர்க் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக அமர்ந்தார். ஆங்கிருந்தபொழுது, ஹறல்ட் யூறி கண்டுபிடித்த பார ஐதரசன் அடங்கிய நீரை அவரிடமிருந்து பெற்று, மனித உடலுட் சென்ற நீர் எத்துணைக்காலம் தங்கி வெளியேறுகின்றது என்பதை 1934ஆம் ஆண்டில் அளந்து காட்டினார். நாம் பருகும் நீரின் ஒரு துளி நம் உடலிற் சராசரியாக இரு வாரமளவில் தங்குகின்றது என்பது அதனாற் புலனாயிற்று.

ஆயினும் ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி தோன்றிவிட்டது. யூத வழியில் வந்தோர் பல்கலைக்கழகங்களினின்றும் துரத்தப்பட்டனர். ஹெவெசி 1934ஆம் ஆண்டிற் பதவியைத் துறந்து கோப்பன்ஹேகனுக்கு மீண்டார்.

என்பு உரைத்த உண்மை

அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரில் ஐறீன் கியூரியும் அவர் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டனர். இயற்கையிற் கதிர்வீசாத மூலகங்களையும் கதிர்வீசச் செய்தல் கூடும் என்னும் நிலை பிறந்தது. ஹெவெசி காத்திருந்த காலம் கனிந்தது. கந்தகத்தின்மேல் நியூத்திரன்களைச் செலுத்திக் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசை ஆக்கினார். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 14 நாள். பொசுபரசோ உயிர்கள் யாவற்றுக்கும் இன்றியமையாதது. என்பின் கனிப்பொருளிற் பெரும்பங்கு கல்சியமும் பொசுபேற்றுமாகும்.

கீவிற்ஸ் என்னும் வைத்தியரின் துணையுடன் ஹெவெசி இப்பொசுபரசை எலிகளுக்கு ஊட்டினார். பின்னர் எலிகளின் உறுப்புக்களைத் தனித்தனியே நீறாக்கி, ஒவ்வொன்றிலும் எத்துணைப் பொசுபரசு சென்று தங்கியதென அளந்தார். ஆராய்ச்சி முடிபு 1935ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வளர்ச்சி முற்றுப்பெற்ற விலங்கின் என்பு, கட்டிமுடித்த வீட்டின் தூண்போல மாறாது நிற்பதொன்று என்றே அதுவரை பலர் கருதினர். ஹெவெசியின் தூதுவர் கொணர்ந்த செய்தி வேறு. முதிர்ந்த விலங்கின் என்பிலும் புதிய பொசுபரசு அணுக்கள் ஓயாது குடிபுகுந்தன. பழையன ஓயாது வெளியேறின. பழையன கழிதலும் புதியன புகுதலும் நம் இலக்கணத்தார் மொழிக்குக் கூறிய இயல்பு. அது என்புக்கும் உரியதெனக் கண்டவர் ஹெவெசி.

இக்கண்டுபிடிப்பின் பெருமை அன்று முழுமையாக விளங்கியதன்று. என்பு ஓயாது புதுப்பிக்கப்படுகின்றதாயின், அப்புதுப்பித்தல் ஓரிடத்தில் அளவுமீறி நிகழும்போது ஆங்குச் சுவட்டணுவும் மிகுதியாகச் சேரவேண்டும். முறிவு ஆறுமிடத்திலும், கிருமி புகுந்த இடத்திலும், கட்டி எழுந்த இடத்திலும் அது நிகழும். நோயுற்ற என்பைக் கத்தியின்றிக் கண்டறியும் வழி இதனுள் வித்தாக அடங்கியிருந்தது.

பொன்னைக் கரைத்த கதை

1940ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி ஜேர்மன் படை டென்மார்க்கினுட் புகுந்தது. போரின் ஆய்வுநிலையத்தில் அவ்வேளையில் இரண்டு பொற்பதக்கங்கள் இருந்தன. ஜேர்மன் பௌதிக அறிஞரான மக்ஸ் வொன் லௌவே, ஜேம்ஸ் பிராங்க் என்போர் தம் நோபற் பதக்கங்களைப் பாதுகாப்புக்காக ஆங்கு அனுப்பிவைத்திருந்தனர். ஜேர்மனியினின்றும் பொன்னை வெளியே அனுப்புதல் அந்நாட்டுச் சட்டப்படி பெருங்குற்றம். பதக்கங்களிலோ உரியவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. லௌவே அப்பொழுதும் ஜேர்மனியிலேயே வாழ்ந்தார். படைவீரர் கையிற் பதக்கம் அகப்படின் அவருயிர்க்கே இடர்.

நிலத்திற் புதைத்துவிடலாம் என ஹெவெசி கருதினார். தோண்டியெடுத்துவிடுவர் எனப் போர் அஞ்சினார். ஆகவே படையினர் நகர வீதிகளில் அணிவகுத்துச் சென்றுகொண்டிருந்த வேளையில், ஹெவெசி நைத்திரிக்கமிலமும் ஐதரோக்குளோரிக்கமிலமும் கலந்த இராசதிராவகத்திற் பதக்கங்களை இட்டுக் கரைக்கலானார். பொன் எளிதிற் கரைவதன்று, நெடுநேரம் சென்றது. ஈற்றில் செம்மஞ்சள் நிறத் திராவகம் நிறைந்த போத்தலாக அவை அலுமாரித் தட்டில் அமர்ந்தன. ஆய்வுநிலையத்தைத் துருவிச் சோதித்த படையினர், பிற போத்தல்களோடு நின்ற அதனைப் பொருட்படுத்திலர். போர் முடிந்தபின் போத்தல் வைத்தவிடத்தில் வைத்தபடியே இருந்தது. கரைந்த பொன் மீண்டும் பிரித்தெடுக்கப்பட்டு, நோபல் நிறுவனத்தினராற் புதிய பதக்கங்களாக வார்த்தளிக்கப்பட்டது. இரசாயனவியல் அறிவு நண்பரின் உயிர்காத்த நிகழ்ச்சி இது.

1943ஆம் ஆண்டில் டென்மார்க்கு யூதருக்கும் ஆபத்து நெருங்கவே ஹெவெசி சுவீடனுக்குத் தப்பிச்சென்றார். அவ்வாண்டுக்குரிய இரசாயன நோபற் பரிசு, சுவட்டணு முறையை வகுத்தமைக்காக அவர்க்கே உரியதென 1944ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பிறர் பதக்கத்தைக் காக்க வேண்டிக் கரைத்தவர், ஏதிலியாய் வந்த நாட்டிலே தம் பதக்கத்தைப் பெற்றார். 1949ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் கொப்லி பதக்கமும், 1959ஆம் ஆண்டில் அமைதிக்கு அணு என்னும் பரிசும் அவரை வந்தடைந்தன. ஸ்ரொக்ஹோமில் முதுமைவரை ஆராய்ச்சி புரிந்த அவர், 1966ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் திகதி வ்ரைபூர்க்கில் 80ஆம் வயதிற் காலமானார். அன்னாரின் பூதவுடல் எச்சங்கள் 2001ஆம் ஆண்டிற் புடாபெஸ்ற் நகருக்குக் கொணரப்பட்டுப் பிறந்த மண்ணிலேயே மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டன.

வித்து மரமான வரலாறு

ஹெவெசியின் பொசுபரசு வீசுங்கதிர் உடலைக் கடந்து வெளியே வந்து அளவிடத்தக்கதன்று; அதனாற்றான் எலிகளை நீறாக்க வேண்டியிருந்தது. நோயாளரின் உடலுக்குப் புறத்தே நின்று அறியவேண்டுமாயின், ஊடுருவி வெளிவரும் காமாக்கதிர் வீசும் அணு வேண்டும். 1937ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட தெக்கினீசியம் என்னும் செயற்கை மூலகத்தின் ஒருவகை, 6 மணி அரைவாழ்வுடன் அதற்கேற்றதாய் அமைந்தது. இத்தூதுவரை என்புக்கு வழிகாட்டி அழைத்துச்செல்லும் சேர்வையை, இந்திய வழிவந்த கோபால் சுப்பிரமணியனும் மக்கபீ என்பாரும் அமெரிக்காவின் சிறக்கியூஸ் நகரில் 1971ஆம் ஆண்டில் உருவாக்கினர். பொசுபேற்றுடன் பிணைத்த தெக்கினீசியமே அது. என்பு பொசுபேற்றை நாடுமென ஹெவெசி எலியிற் கண்ட உண்மை, மனித என்பின் படமாக மலர்ந்தது.

இப்படத்தில் நோயுற்ற இடம் ஒளிர்ந்து தோன்றும். ஆனால் ஏன் ஒளிர்கின்றதென அது கூறாது. புற்றுநோயும் ஒளிரும், பழைய முறிவும் ஒளிரும், தேய்ந்த மூட்டும் ஒளிரும். முள்ளந்தண்டுபோற் சிக்கலான பகுதியில், ஒளிர்வது எவ்வென்பின் எப்பகுதி என்பதும் தெளிவாகாது. மறுபுறத்தில் ஊடுகதிர்ப்படமோ என்பின் வடிவை நுணுக்கமாகக் காட்டும். அவ்விடத்தில் உயிர்த்தொழில் நடைபெறுகின்றதா என்பதைக் காட்டாது. என்பின் கனிப்பொருளில் மூன்றிலொரு பங்கேனும் அழிந்தபின்னரே சாதாரண ஊடுகதிர்ப்படத்தில் அழிவு தெரியவரும் என்பர். ஒன்று செயலை அறியும், வடிவை அறியாது; மற்றது வடிவை அறியும், செயலை அறியாது. முடவனைக் குருடன் தோளிற் சுமந்துசென்ற கதை போன்றது இவற்றின் நிலை. இரண்டும் கூடினாலன்றி வழி கடத்தல் அரிது.

அக்கூட்டுறவு படிப்படியாக ஏற்பட்டது. 1971ஆம் ஆண்டில் ஹவுன்ஸ்பீல்டின் கணினி வெட்டுமுகப்படம் இலண்டனில் முதல் நோயாளரிடம் பயன்பட்டது. ஊடுகதிரால் உடலைத் துண்டுதுண்டாக அரிந்து காட்டும் வித்தை அது. 1990களில் கலிபோர்னியாவில் ஹசெகாவா குழுவினர் சுவட்டணுப் படத்தையும் ஊடுகதிர் வெட்டுமுகப்படத்தையும் ஒரே கருவியில் இணைத்தனர். 1998ஆம் ஆண்டிற் பிற்ஸ்பேர்க்கில், ரவுன்சென்ட், நட் என்போரின் முயற்சியால், பொசித்திரன் வீசும் சுவட்டணுக்களைக் காணும் கருவியும் அதேபோல் இணைக்கப்பட்டது. நோயாளர் ஒரே படுக்கையில் அசையாது கிடக்க, இருபடங்களும் எடுக்கப்பட்டு ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தப்படுகின்றன. ஒளிரும் புள்ளி எந்த என்பின் எந்த மூலையில் உளதென ஐயமின்றித் தெரிகின்றது.

நோயாளர்க்கு இதனால் விளையும் நன்மையை ஈருதாரணங்களால் விளக்குவோம். இளைஞனொருவன் முதுகிலோ காலிலோ இரவில் மிகும் நோவினால் வருந்துகின்றான் எனக் கொள்வோம். அஸ்பிரின் உட்கொண்டால் நோவு தணிகின்றது. ஊடுகதிர்ப்படத்தில் என்பு தடித்திருத்தல் மாத்திரம் தெரிகின்றது. இது கொடிய புற்றோ, கிருமித்தொற்றோ, என்பினுள் மறைந்த சிறு தீங்கற்ற கட்டியோ என வைத்தியர் கலங்குவர். ஒஸ்ரியொயிட் ஒஸ்ரியோமா எனப்படும் அக்கட்டியின் மூலக்கரு பெரும்பாலும் ஒன்றரைச் சதமமீற்றரினும் சிறியது. தடித்த என்பினுள் ஒளிந்துகிடக்கும் அதனைச் சுவட்டணு ஒளிர்வித்துக் காட்ட, அவ்வொளியின் நடுவே அதன் சிறுகுழியை வெட்டுமுகப்படம் காட்டும். இடம் துணியப்பட்டபின், ஊசி வழியாக வெப்பமூட்டியே அதனை அழித்துவிடலாம். பெரிய அறுவை தவிர்க்கப்படுகின்றது, கால் தப்புகின்றது.

முன்னர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற முதியவரின் முள்ளந்தண்டில் ஒரேயொரு புள்ளி ஒளிர்கின்றதெனக் கொள்வோம். அப்புள்ளி தேய்ந்த மூட்டின் விளிம்பில், என்பு முளைகளோடு பொருந்தியிருப்பின் அது பெரும்பாலும் முதுமையின் விளைவு. என்பின் உட்பகுதி அரிக்கப்பட்ட இடத்திற் பொருந்தியிருப்பின் புற்றுப் பரவியதென அஞ்சவேண்டும். முன்னையதாயின் வீண் அச்சமும் வேண்டாச் சிகிச்சையும் நீங்கும். பின்னையதாயின் காலம் தாழ்த்தாது சிகிச்சை தொடங்கும். குடும்பமொன்றின் நிம்மதி முழுவதும் அச்சிறு புள்ளியின் இடத்தைப் பொறுத்து நிற்கின்றது.

ஆயினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. வெல்லத்தை ஒத்த சுவட்டுப்பொருளை விரும்பியுண்ணும் கட்டிகள் யாவும் தீயனவல்ல; இராட்சதக் கலக்கட்டி போன்ற தீங்கற்ற சிலவும், கிருமித்தொற்றும் அதனை மிகுதியாக ஏற்கும். மெல்ல வளரும் தீய கட்டிகள் சில குறைவாகவே ஏற்கும். ஆதலின் இழையத்திற் சிறுதுண்டை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தலே இறுதித் தீர்ப்பு. எனினும், பெரிய கட்டியொன்றின் எப்பகுதி மிக வீறுடன் தொழிற்படுகின்றதோ அப்பகுதிக்கே ஊசியைச் செலுத்துமாறு இணைந்த படம் வழிகாட்டுகின்றது. தவறான இடத்திற் குத்தித் தவறான முடிவு பெறும் இடர் குறைகின்றது. இருவகைக் கதிரும் உடலிற் படுவதனால், ஐயம் தீராதவிடத்து மாத்திரமே இதனைக் கையாளல் முறை.

நாம் கொள்ளத்தக்கன

ஹெவெசியின் வாழ்வில் நம் மாணவர் கற்கவேண்டியன பலவுள. ஈராண்டு உழைத்துத் தோற்ற முயற்சியை அவர் மறைத்துவிட்டு வேறு துறைக்கு ஓடினாரல்லர். தோல்வியின் காரணத்தையே உற்றுநோக்கி, அதனுள் மறைந்திருந்த பேருண்மையை வெளிக்கொணர்ந்தார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் உளம் சோர்ந்து கல்வியைக் கைவிடும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. தம்மைப்போலவே தோற்ற மற்றோர் ஆராய்ச்சியாளரை அவர் போட்டியாளராகக் கருதாது துணைவராக்கிக் கொண்டார். நாடுகள் அவரைத் துரத்தியபோதும் நட்பு அவரைக் காத்தது. தம் முறை வந்தபோது நண்பரை அவர் காத்தார்.

இரசாயனவியலில் தொடங்கிப் பௌதிகவியலிற் புகுந்து உயிரியலை அடைந்த அவர்வழியை நோக்குமிடத்து, கலைகளுக்கிடையே நாமமைத்த வேலிகள் மெய்யறிவுக்கு இல்லையென்பது புலனாகின்றது. பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியப் பெருமக்களும் இதனை உளங்கொள்ளல் நன்று. அன்று எலியொன்றின் என்பு நீற்றை அளந்தபோது, பல்லாண்டு கழித்து யாரோவொரு சிறுவனின் கால் அதனாற் காக்கப்படும் என்பதை அவர் அறிந்திரார். விதைத்தவர் உண்ணும் வரை காத்திராத விதை அது, கல்விப்பணியும் அத்தகையதே. நம் கல்லூரியை நிறுவிய பெரியோரும் தாம் காணாத தலைமுறைக்காகவே விதைத்தனர். அவ்விளைவை உண்டு வளர்ந்த பழைய மாணவர்களாகிய நாம், விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நமக்குப் பின் வருவோர்க்கென விதைக்கவும் உறுதி பூணுவோமாக. கல்லூரித்தாய் வாழ்க, கல்வி ஓங்குக.